சலங்கையைப் பரணில் போடுமுன்

அரங்கேற்றம் முடித்த, முடிக்கப் போகிற பிள்ளைகளுக்கு,

உங்களில் பலருக்கு என் முகம் நினைவிருக்காது, குரல் இருக்கும். நட்டுவாங்கம் செய்பவருக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து இருபத்தாறு வருஷமாக நாட்டியத்துக்குப் பாடுகிறேன். புஷ்பாஞ்சலிக்கு வரும்போது உங்கள் விரல் நடுங்குவதையும், வர்ணத்தில் தீர்மானம் முடித்துத் திரும்பும்போது மூச்சு முட்டுவதையும் பக்கவாட்டிலிருந்து பார்த்தவள். மங்களம் பாடும்போது உங்கள் அம்மா முதல் வரிசையில் கண்ணைத் துடைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் இலையில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, என் அரங்கேற்றத்துக்கு நீங்கதானே பாடினீங்க?" என்றாள். அடையாளம் தெரிந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் நன்றாக ஆடின பெண்; பதத்துக்கு அவள் முகம் கொடுத்த விதத்தில் நான் ஒரு சங்கதியைக் கூடுதலாகப் பாடினேன். "இப்போ ஆடறியாம்மா?" என்று கேட்டேன். "இல்ல ஆன்ட்டி, அதோட சரி. சலங்கை பரண்மேல இருக்கு. அம்மா பழைய புடவையில சுத்தி வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அதற்குமேல் பாயசம் இறங்கவில்லை.

அவளைத் திட்ட நான் யார்? பிளஸ் டூ வந்தது, காலேஜ் வந்தது, இப்போது வேலை. ஆனால் ஒரு கணக்கு எனக்கு இடித்துக்கொண்டே இருக்கிறது. எட்டு பத்து வருஷம் அடவு, ஒரு வருஷம் ஒத்திகை, மண்டபம், மேளம், பட்டு, பத்திரிகை, சாப்பாடு. எல்லாம் ஒரே ஒரு சாயங்காலத்துக்கு. ஏறின அன்றைக்கே இறங்கிவிடுகிறோம்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து ஒரு பழைய ஊமைப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். 1920களில் ஹாலிவுட்டில் எடுத்தது. கீறல் விழுந்த கறுப்பு வெள்ளை, ஓட்டத்தின் வேகமும் சரியில்லை. வெள்ளை உடுப்பில், காதோரம் இறகு வைத்து, ஒரு பெண் நுனிக்காலில் வருகிறாள். மூன்று நிமிஷம்கூட இல்லை. தரையில் மடங்கி விழுந்து அடங்குகிறாள். அன்னா பாவ்லோவா என்ற ருஷ்யப் பெண்மணி ஆடிய 'சாகும் அன்னம்'. இந்த ஒரே உருப்படியை வாழ்நாளில் நாலாயிரம் தடவை ஆடினார் என்பார்கள். எண்ணினவர் யார் என்று கேட்காதீர்கள். பாதிதான் என்று வைத்துக்கொண்டாலும் நமக்குத் தலை சுற்றும்.

அவரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

1881 பிப்ரவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர். அப்பா யார் என்பதில் இன்றைக்கும் ஒரே பேச்சு இல்லை. குறைமாதக் குழந்தை, நோஞ்சான். நகரத்துக்கு வெளியே லிகோவோ என்ற இடத்தில் பாட்டியிடம் வளர்ந்தது. எட்டோ ஒன்பதோ வயதில் அம்மா மரின்ஸ்கி அரங்கத்துக்குக் கூட்டிப்போய் 'தூங்கும் அழகி' பாலே காட்டினார். சைகோவ்ஸ்கியின் இசை, பெத்திபாவின் நடன அமைப்பு; அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக ஆட ஆசையா என்று அம்மா கேட்க, இல்லை, நடுவில் தனியாக ஆடுகிறாளே அந்த இளவரசியாகத்தான் ஆடுவேன் என்றதாம் குழந்தை. வெளுக்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

அரசு பாலே பள்ளிக்குப் போனால், வயது போதாது, உடம்பும் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். 1891இல், பத்து வயதில், மறுபடி போய்ச் சேர்ந்தார். சேர்ந்தபிறகும் உடம்புதான் பிரச்சினை. அந்தக் காலத்தில் பாலேக்காரி என்றால் கட்டுக்குட்டென்று, கெண்டைக்கால் திரண்டு இருக்க வேண்டும். இவரோ நீளக் கை, நீளக் கால், குச்சிக் கணுக்கால். கூடப் படித்த பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'துடைப்பம்'.

உங்களுக்கு அரைமண்டி சரியாக உட்காரவில்லை என்று டீச்சர் தட்டுக்கழியைத் தட்டி நிறுத்துகிறாரே, பாலேயிலும் அதற்கு ஒரு பங்காளி உண்டு. இடுப்பிலிருந்தே காலை வெளிப்பக்கம் திருப்பி நிற்க வேண்டும். பாவ்லோவாவுக்கு அந்தத் திருப்பம் கடைசி வரை முழுசாக வரவில்லை. சுழற்சிகளில் பலம் போதாது. அந்தச் சமயம் பியெரினா லென்யானி என்ற இத்தாலியப் பெண்மணி பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே காலில் முப்பத்திரண்டு சுற்று சுற்றி ஊரை மயக்கியிருந்தார். நம் பெண்ணும் வகுப்பில் அதை முயன்று பார்க்கிறாள். பார்த்துவிட்ட ஆசிரியர் பாவெல் கெர்ட், அந்த வித்தையெல்லாம் மற்றவர்களுக்கு விட்டுவிடு, உன் மெல்லிய உடம்பில் இருக்கும் நளினம்தான் உன் சொத்து என்கிற பொருளில் சொல்லித் தடுத்தார். ஒரு வாத்தியார் மாணவிக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இது என்று நினைக்கிறேன். இல்லாததை விரட்டாதே, இருப்பதைக் கவனி என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் உடம்பை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. காலணி. பாலே நுனிக்கால் காலணியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே ரோஜாநிற சாட்டின். உள்ளே முனையில் துணியும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடு. அதன் நுனியில்தான் மொத்த உடம்பும் நிற்கிறது. பாவ்லோவாவின் பாதம் வில்லாக வளைந்தது. பார்க்க அழகு, ஆனால் அப்படிப்பட்ட பாதத்தில் ஏறி நின்றால் பாரம் முழுதும் கட்டைவிரல்மேல் விழும். காலணிகளை மிலான் நகரத்து நிக்கோலினியிடம் செய்யச் சொன்னார். அடியில் கெட்டித் தோல் வைத்து, முனையைக் கடினமாக்கி, சற்றே தட்டையாக்கிக் கொண்டார். இது ஏமாற்று வேலை என்றார்கள் சக நர்த்தகிகள். தன் காலால் நிற்காமல் செருப்பால் நிற்கிறாள் என்று பேச்சு. புகைப்படங்களில் காலணி முனையைச் சுரண்டி ஊசிபோலக் காட்டவும் செய்தார்கள். இன்று உலகத்தில் எந்த ஊர் பாலே வகுப்புக்குப் போனாலும், பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் காலணி அவர் செய்துகொண்ட அந்தத் 'தப்பு'க்குச் சொந்தக்காரிதான்.

1899இல் பள்ளி முடித்து மேடை ஏறினார். அதுதான் அவருடைய அரங்கேற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1903இல் 'ஜிசெல்' நாயகி. 1906இல் பிரைமா பாலெரினா, அதாவது அரசு அரங்கத்தின் முதல் நர்த்தகி. அதற்கு மேல் ஏற அங்கே அநேகமாகப் படி இல்லை. ஏறியவர் என்ன செய்தார் தெரியுமா? என்ரிகோ செக்கெட்டி என்ற இத்தாலிய ஆசானிடம் போய் மறுபடி பாலபாடம். 1907இலிருந்து ஏறக்குறைய இரண்டு வருஷம், செக்கெட்டி இவர் ஒருவருக்கு மட்டுமே சொல்லிக்கொடுத்தார். நம் ஊரில், அரங்கேற்றம் ஆனபிறகு தட்டடவிலிருந்து திரும்பத் தொடங்கிய பெண்ணை எனக்குக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்து திருஷ்டி சுற்றிப் போடுகிறேன்.

அந்த நாட்களில்தான் அன்னம் பிறந்தது. ஒரு கச்சேரிக்குத் தனியாக ஆட ஏதாவது வேண்டும் என்று பாவ்லோவா கேட்க, உடன் படித்த மிகயீல் ஃபோக்கின், சான்-சான்ஸ் எழுதிய செல்லோ இசைத் துண்டு ஒன்றை எடுத்தார். அப்போது வீட்டில் அதை மாண்டலினில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாராம். ஒத்திகைக் கூடத்தில் ஃபோக்கின் முன்னால் ஆடிக் காட்ட, பாவ்லோவா பின்னால் ஆடி வர, சில நிமிஷங்களில் உருப்படி முடிந்தது. ஃபோக்கினே இப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார். உட்கார்ந்து ஆறு மாதம் ஜதி கோத்ததல்ல.

அதில் காலுக்கு இருப்பது அநேகமாக ஒரே வேலை. பாலேக்காரர்கள் 'பூரே' என்பார்கள்: இரண்டு காலும் ஒட்டினாற்போல, நுனிவிரலில், பொடிப்பொடியாக, இடைவிடாத காலடி. மேலே உடம்பு அசங்காமல் தண்ணீரில் போவதுபோலப் போகும். பெரிய தாவல் இல்லை, சுழற்சி இல்லை. லென்யானியின் முப்பத்திரண்டு சுற்றுக்கு இது பதில் என்றுகூடச் சொல்வேன். மீதியெல்லாம் கையும் கழுத்தும் முதுகும். அந்த ஊமைப் படத்தில் முழங்கையைப் பாருங்கள். இறகை விரிப்பதுபோலத் தூக்குகிறார். உயரத்துக்குப் போகுமுன்பே மணிக்கட்டு தளர்ந்துவிடுகிறது. மறுபடி தூக்குகிறார், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் கீழேயே தளர்கிறது. சாவை அவர் முகத்தில் காட்டவில்லை. கை எட்டுகிற உயரம் குறைந்துகொண்டே வருகிறது, அவ்வளவுதான். கடைசியில் ஒரு காலை முன்னே நீட்டித் தரையில் மடங்கி, முகம் கவிழ்ந்து, ஒரு துடிப்பு, அடங்கிவிடுகிறது. பதம் பிடிக்கிற பிள்ளைகள் இதை நூறு தடவை பார்க்கலாம். முகத்தைச் சுருக்கி அழுவதுதான் சோகம் என்று நினைக்கிறவர்கள் இருநூறு தடவை.

(அன்னநடை அன்னநடை என்று பாட்டில் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு குறும்பு நினைப்பு வரும். அந்த ஜாதிப் பறவை தரையில் நடந்து பார்த்தால் யாரும் எந்தப் பெண்ணையும் அதற்கு ஒப்பிட மாட்டார்கள். தண்ணீரில்தான் அதற்கு அழகு. பாவ்லோவாவுக்கு இது தெரிந்திருக்கும். 1912இல் லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் ஐவி ஹவுஸ் என்ற வீட்டை வாங்கி, குளத்தில் அன்னப் பறவைகள் வளர்த்தவர். ஜாக் என்ற பறவை தன் கழுத்தை அவர் தோளில் சுற்றிக்கொண்டிருக்கும் படம் பிரசித்தம்.)

1909இல் தியாகிலெவ் தன் ருஷ்ய பாலேயைப் பாரிஸுக்குக் கொண்டுபோனபோது விளம்பரச் சுவரொட்டியில் இருந்தது பாவ்லோவாதான். நிஜின்ஸ்கியோடு ஆடினார். ஆனால் அந்தக் குழுவில் தங்கவில்லை. அடுத்த வருஷம் 'நெருப்புப் பறவை'க்குக் கூப்பிட்டபோது, ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை பிடிக்கவில்லை என்று மறுத்துவிட்டார். அந்த வேடத்தை கர்சாவினா என்ற நர்த்தகி ஆடி அழியாப் பெயர் வாங்கினார். இதில் பாவ்லோவாவின் காது ஏமாந்தது என்பதுதான் என் கட்சி. பாடுகிறவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்: அவர் ஆடத் தேர்ந்த இசையில் பாதி இன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளாத இசை. பட்டாம்பூச்சி, தும்பி, பூ என்று சின்னச் சின்ன உருப்படிகள். புதுமை வேண்டும் என்றவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். கேலியில் நியாயமும் இருந்தது.

ஆனால் தியாகிலெவ் போன ஊர்கள் வேறு, இவர் போன ஊர்கள் வேறு. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

1913இல் அரசு அரங்க வேலையை விட்டார். சொந்தக் குழு சேர்த்தார். ஆடிய பெண்களில் பாதிக்கு மேல் இங்கிலாந்துக்காரிகள். 1914க்குப் பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. அப்புறம் பதினேழு வருஷம் ரயில், கப்பல், பெட்டி, மேடை. லண்டனில் பல்சுவை நிகழ்ச்சி அரங்கில் ஆடினார். நியூயார்க் ஹிப்போட்ரோமில், வித்தைக்காரர்களுக்கு நடுவே, 'தூங்கும் அழகி'யை வெட்டிச் சுருக்கி ஆடினார். மெக்சிகோவில் காளைச் சண்டை மைதானத்தில் ஆடினார். தென்னமெரிக்கா, ஜப்பான், சீனா, எகிப்து, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஜாவா, பர்மா. அமெரிக்கச் சுற்றுப்பயணங்களில் வாரத்துக்கு எட்டு ஒன்பது காட்சி. பெரும்பாலும் ராத்திரி ரயில், காலையில் வேறு ஊர். ஒவ்வொரு நாளும் பயிற்சி. வகுப்பைத் தவறவிட்ட நாள் அவருக்குக் கிடையாது என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இப்படிப் போன ஊர்களில் ஒன்று பெரு நாட்டின் லிமா. வருஷம் 1917. கூட்டத்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். பெயர் ஃபிரெடரிக் ஆஷ்டன். அன்று ராத்திரி பார்த்ததோடு அவன் வாழ்க்கை திசை மாறியது. பின்னாளில் இங்கிலாந்து ராயல் பாலேயின் தலைசிறந்த நடன அமைப்பாளர். பாவ்லோவாவின் கவாட் நடனத்தில் வந்த ஒரு சின்னக் காலடிக் கோவையை, தான் அமைத்த ஏறக்குறைய எல்லா பாலேயிலும் எங்காவது ஒளித்துவைத்தார் ஆஷ்டன். ராசிக்காகவாம். லிமாவில் நூறு பேர்தான் வருவார்கள், எதற்குப் போக வேண்டும் என்று பாவ்லோவா நினைத்திருந்தால்?

அப்படியே நம் பக்கமும் வந்தார். 1922 கடைசியில் இந்தியா வந்தபோது இங்கே நடனம் தேடினார். பெரிதாக ஒன்றும் கண்ணில் படவில்லை. படாததற்குக் காரணம் உங்களுக்குத் தெரிய வேண்டும். சதிர் ஆடிய குடும்பங்களை ஊரே தள்ளிவைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அஜந்தா ஓவியங்களும் மனதில் தங்க, 1923இல் லண்டன் காவெண்ட் கார்டனில் அஜந்தாவை வைத்து ஒரு பாலே, கூடவே 'ஹிந்துக் கல்யாணம்', 'ராதா கிருஷ்ணன்' ஆகிய இரண்டு நடனங்கள் மேடையேறின. கிருஷ்ணனாக ஆடியவர் லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த ஒரு வங்காள இளைஞர். முறையாக நடனம் கற்றவரல்லர். அவர்தான் உதய் சங்கர்.

ருக்மிணி தேவி கதையை உங்களுக்கு நாட்டிய டீச்சர் சொல்லியிருப்பார். 1928இல் பம்பாயில் பாவ்லோவா ஆடுவதைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் இருவரும் ஒன்றாகப் பயணம். பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே பழகினார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்று பாவ்லோவா தன்னிடம் சொன்னதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். பின்னர் மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோரிடம் பாடம், 1935 கடைசியில் அடையாறில் மேடை, 1936இல் கலாக்ஷேத்ரா.

இதைச் சொல்லிவிட்டு, ருஷ்யக்காரி சொல்லித்தான் பரதம் பிழைத்தது என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீர்கள். பிழைக்கவைத்தவர்கள் கௌரி அம்மாளும் பிள்ளைவாளும் அவர்கள் குடும்பங்களும்தான். பாவ்லோவா அந்தக் கப்பல் ஏறுவதற்கு முன்பே, 1925இல், ஏழு வயது பாலசரஸ்வதி காஞ்சிபுரத்தில் சலங்கை கட்டியாகிவிட்டது. பாவ்லோவா செய்தது ஒரு வார்த்தை சொன்னது. அந்த வார்த்தையையும் ஊர் ஊராய் அலைந்ததால்தான் சொல்ல முடிந்தது.

1931 ஜனவரியில் ஹாலந்துச் சுற்றுப்பயணத்துக்குப் புறப்பட்டவருக்குக் குளிர் நெஞ்சில் இறங்கி நுரையீரல் உறையில் அழற்சி கண்டது. ஹேக் நகரத்தில் ஒரு ஓட்டல் அறையில், 23ஆம் தேதி விடியுமுன் இறந்தார். ஐம்பது வயது முடிய மூன்று வாரம் இருந்தது. அன்ன உடுப்பை எடுத்து வை என்று கடைசியாகக் கேட்டதாக ஒரு கதை உண்டு. கதை இவ்வளவு அழகாக இருப்பதாலேயே எனக்கு அதில் சந்தேகம். நடந்தது என்று உறுதியாகத் தெரிவது வேறு: இரண்டு நாள் கழித்து லண்டனில் ஒரு நடன நிகழ்ச்சியில் அந்த அன்னத்தின் இசையை வாசித்தார்கள். திரை திறந்தது. மேடையில் யாரும் இல்லை, வெளிச்சம் மட்டும். சபை முழுக்க எழுந்து நின்றது.

பிள்ளைகளே, நான் உங்களை உலகம் சுற்றச் சொல்லவில்லை. வேலையை விடச் சொல்லவில்லை. பரணில் இருப்பதை இறக்குங்கள். தோல் பட்டை காய்ந்திருக்கும். கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள், தையல் விட்ட இடத்தில் மணியைத் திரும்பக் கட்டுங்கள். உங்களுக்குக் கைவந்த ஒரே ஒரு உருப்படி, ஏழு நிமிஷப் பதம் போதும், அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு மார்க்கம் வேண்டாம், பட்டு வேண்டாம், பத்திரிகை வேண்டாம். நாட்டியம் பார்த்தே இராத ஒரு பள்ளிக்கூடம், ஒரு முதியோர் இல்லம், குலசாமி கோயில் திருவிழா என்று எங்காவது ஆடுங்கள். அப்புறம் இன்னொரு இடத்தில் அதையே ஆடுங்கள். பத்தாவது தடவை அந்தப் பதம் எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

பாட ஆள் இல்லையே என்று கவலை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், போக வர பஸ் காசும், பாடி முடித்ததும் ஒரு டம்ளர் வெந்நீரும் போதும். சுருதிப் பெட்டியை நானே கொண்டுவந்து விடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து பாடியவள்